ஜப்பானிய வகைப் பியோனி: பூவை வாங்கலாம், கிழங்கு வேண்டாம்

பியோனி என்பது கிழங்கிலிருந்து முளைக்கும் குளிர்நாட்டுப் பூச்செடி. ஆன்லைனில் அந்தப் பேரைத் தேடினால் மூன்று சாமான் வந்து நிற்கும்: கண் வைத்த கிழங்கு, விதைப் பொட்டலம், வெட்டுப்பூ. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் இருப்பவர்கள் இதில் எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. இங்கே பேச்சு, பழைய ஜப்பானிய வகைகளைப் பற்றி மட்டும். மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம். பூவுக்கு 5க்கு 5. கிழங்குக்கு, டெல்டாவில் நடுவதாக இருந்தால், 5க்கு 1. விதைப் பொட்டலத்துக்கு முட்டை.

ஜப்பானிய வகை என்றால் என்ன என்று தெரியாமலேயே பலர் வாங்குகிறார்கள். விற்பவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. அமெரிக்க பியோனி சங்கம் பூவின் அமைப்பை வைத்து ஒற்றை, ஜப்பானியம், அனிமோன், அரை அடுக்கு, பாம், முழு அடுக்கு என்று பிரிக்கிறது. கல்யாண ஆல்பங்களில் சின்ன முட்டைக்கோஸ் மாதிரி உருண்டையாக இருப்பது முழு அடுக்கு. ஜப்பானிய வகை அப்படி உருளாது. வெளியே அகலமான இதழ்கள் ஒரு வரிசை, சிலவற்றில் இரண்டு வரிசை, தாம்பாளம் போல விரியும். இவற்றைக் காவல் இதழ்கள் என்பார்கள். நடுவில் ஒரு குஞ்சம். அந்தக் குஞ்சத்தில்தான் விஷயமே இருக்கிறது.

குஞ்சத்திலிருந்து ஒரு இழையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது பிறப்பால் மகரந்தத் தாள். ஆனால் நுனியில் பொடி கொட்டும் பைக்குப் பதிலாகத் தட்டையாக, சற்றே முறுக்கிய நாடா இருக்கும். அதன் ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு ஓடும்; பையாக இருந்ததன் மிச்சம் அது. விரலில் தேய்த்தால் பொடி ஒட்டாது, ஒட்டினாலும் பேருக்குத்தான். மகரந்தத் தாள் மலடாகி இதழாகும் வழியில் பாதியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் நடந்து அசல் குறு இதழாகவே மாறி, மஞ்சள் ஓரமும் மறைந்தால் அது அனிமோன் வகை. இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. ஒரே ரகத்தை ஒரு பட்டியல் ஜப்பானியம் என்றும் இன்னொன்று அனிமோன் என்றும் போடுவது இதனால்தான். அதற்காக விற்பவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

குஞ்சத்தை விலக்கினால் அடியில் சூலகங்கள் தெரியும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து, வெளிர்ப்பச்சை, நுனியில் வெள்ளையோ ரோஸோ சிவப்போ. தாள்கள் மலடானாலும் சூலகம் வழக்கமாக நன்றாகவே இருக்கும். வேறு பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தால் விதை பிடிக்கும். கலப்பினம் செய்பவர்கள் இவற்றைத் தாய்ச்செடியாக விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த அமைப்புக்கு நடைமுறையில் ஒரு பெரிய பலன் உண்டு. முழு அடுக்குப் பூ ஒரு மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துத் தலை கவிழும். கம்பி வளையம் கட்டித் தாங்க வேண்டும். ஜப்பானியப் பூ எடை குறைவு, தண்ணீர் தங்க இடமில்லை, தண்டு நிமிர்ந்தே நிற்கும். வெயில் ஏறினால் அடுக்கு மொக்கு விரியாமல் அப்படியே கருகும். இது சட்டென்று விரிந்துவிடும். வாசனையில்தான் குறை. பல ரகங்களுக்கு மணம் லேசு. தஞ்சாவூர்க் கதம்பத்தையும் மல்லிகையையும் முகர்ந்து பழகியவர்கள் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய், 'இதுக்கா இவ்வளவு விலை?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பேரில் ஜப்பான் இருந்தாலும் எல்லாம் ஜப்பானில் பிறந்தவை இல்லை. ஜப்பானில் இந்தச் செடியை ஷாகுயாகு என்பார்கள். குச்சித் தண்டோடு புதராக நிற்கும் மரப் பியோனிக்கு அங்கே பேரே வேறு, போத்தான். குமாமோட்டோ பகுதியில் சாமுராய்க் குடும்பங்கள் பேணிவந்த 'ஹிகோ ஆறு பூக்கள்' வரிசையில் ஷாகுயாகுவும் ஒன்று. நடுக்குஞ்சம் பெருத்து எழும்பி நிற்பதுதான் அங்கே அழகு. மேல்நாட்டுப் பட்டியல்களில் மிகாடோ, ஃபுயாஜோ, அமா-நோ-சோடே, இசானி கிடுய் என்று கிடப்பவை ஜப்பானிலிருந்து போனவை. பின்னால் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலம் பிரின்ஸ்வில்லில் எட்வர்ட் ஆட்டன் என்பவர் இந்த வகையில் நிறைய ரகம் எடுத்தார். இன்று நீங்கள் காணும் பழைய ரகங்களில் கணிசமானவை அவர் கைவண்ணம்.

இனி ரகம் ரகமாக. பேருக்குப் பக்கத்தில் இருப்பது அதை எடுத்தவர் பேரும் அது வெளிவந்த ஆண்டும். நிறத்தைப் புடவைக் கடை பாஷையில் சொன்னால்தான் நமக்குப் புரியும்.

நிப்பான் பியூட்டி, ஆட்டன், 1927. அரக்குப் பட்டில் மெல்லிய ஜரிகைக் கரை. காவல் இதழ் ஆழ்ந்த சிவப்பு, நடுவிலுள்ள இழைகளும் அதே சிவப்பு, ஆனால் ஒவ்வொரு இழையின் ஓரத்திலும் பொன் மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் விளக்கு ஏற்றியது போலத் தெரியும். ஜப்பானிய வகை என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு பூதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். மலட்டுத் தாளின் லட்சணம் இதில் பளிச்சென்று தெரியும். இதே சாயலில் மிகாடோ இருக்கிறது, இன்னும் பழையது. ஆட்டனின் ஸ்வார்ட் டான்ஸ் (1933), ஃபிராங்க்ளினின் சார்ம் (1931) இரண்டும் சிவப்பு-மஞ்சள் கூட்டணிதான். நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை வித்தியாசம் பெரிதாகப் படாது. படத்தை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியும் என்பவரை நம்ப வேண்டாம்.

பவுல் ஆஃப் பியூட்டி, ஹூகென்டோர்ன், 1949, ஹாலந்து. எல்லோருக்கும் தெரிந்த பேர் இதுதான். ராணி பிங்க் காவல் இதழ்கள் கிண்ணம் போலக் குவிந்து நிற்கும். நடுவில் தேங்காய்த் துருவலைக் குவித்து வைத்தது போல வெளிர் சந்தன நிறத்தில் மெல்லிய இழைகள், நூற்றுக்கணக்கில். கண்டிப்பான ஆசாமிகள் இதை அனிமோன் பக்கம் தள்ளுவார்கள். பூ பெரிது, தண்டு உறுதி. பழுது ஒன்று: வெயில் பட்டால் அந்த ராணி பிங்க் விரைவில் வெளுத்துவிடும். படத்தில் பார்த்த நிறம் முதல் நாள் காலை நிறம்.

கே பாரி, ஆட்டன், 1933. நடுவிலுள்ளவை இழையாக இல்லாமல் பட்டையாக, பல் வெட்டிய குட்டி இதழ்களாக இருக்கும். விரியும்போது நடு வெளிர் ரோஸ் பூசிய சந்தனம். நாள் ஆக ஆக வெள்ளைக்குப் போகும். ஓரத்து ராணி பிங்க் அப்படியே இருக்கும். ஆகவே முதல் நாள் பூவும் மூன்றாம் நாள் பூவும் இரண்டு ரகம் போலத் தெரியும். 'வேற பூவை அனுப்பிட்டாங்க' என்று புகார் எழுதுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

டூ டெல், ஆட்டன், 1946. 2004இல் அமெரிக்க சங்கத்தின் தங்கப் பதக்கம். காவல் இதழ் வெங்காயத் தோலின் உள்பக்கம் போல வெளுத்த ரோஸ். நடுவில் அடர் ரோஸ், இளரோஸ், வெள்ளை மூன்றும் கலந்த இழைகள். வழக்கமாக ஓரம் அடர்த்தி, நடு வெளிறு என்றிருக்கும், இதில் தலைகீழ். அடக்கமான பூ, மேடை விளக்கில் காணாமல் போய்விடும், மேசை மேல் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒயிட் கேப், வின்ச்செல், 1956. பேரைக் கேட்டு வெள்ளைப் பூ என்று எண்ணி வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. வெள்ளை நடுவில் மட்டும்தான். காவல் இதழ் பீட்ரூட்டை நறுக்கிய கையின் நிறம். நடு முதலில் லேசான ரோஸ் கலந்த சந்தனம், பிறகு வெள்ளை. இந்த முரண் இவ்வளவு கூர்மையாக வேறு எதிலும் அமையவில்லை என்பது எங்கள் எண்ணம். 1991இல் தங்கப் பதக்கம்.

உண்மையிலேயே வெள்ளை வேண்டுமென்றால் இசானி கிடுய். ஜப்பானிலிருந்து போன பழைய ரகம். மஸ்லின் துணி போன்ற அகன்ற இதழ், நடுவில் மங்கிய மஞ்சள் குஞ்சம். ஆட்டனின் மூன் ஆஃப் நிப்பான் (1936), முராவ்ஸ்காவின் லோட்டஸ் குவீன் (1947), பிக்கரின் காரரா (1952), வாசன்பெர்க்கின் பூ-டே (1954) எல்லாம் இதே சாயல்தான். லோட்டஸ் குவீன் என்ற பேர் பொருத்தமானதுதான். உருண்ட வெள்ளை இதழும் நடு மஞ்சளுமாக வெண்தாமரையை நினைவூட்டும். கோயில் குளத்தில் அசல் தாமரையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நினைவூட்டலுக்காக விமானச் செலவு கொடுக்கத் தோன்றாது, அது வேறு.

பிக்கரின் வெஸ்டர்னர் (1942) ரோஸ்-மஞ்சள், உயரமான தண்டு, 1982இல் பதக்கம். வால்ட்டர் மெய்ன்ஸ் (1957) அடர் சிவப்பு, கலப்பினம், மற்றவற்றுக்கு முன்னால் பூப்பது, 1974 பதக்கம். இவை வெட்டுப்பூவாக நம் பக்கம் வருவது அபூர்வம் என்பதால் இவ்வளவு போதும்.

இப்போது கிழங்கு. நல்ல கிழங்கை எப்படிப் பார்ப்பது என்பது ஊட்டியில், இமாச்சலில் உறவினர் இருப்பவர்களுக்காவது உதவும். ஒரு துண்டில் மூன்று முதல் ஐந்து கண் இருக்க வேண்டும். கண் என்பது தண்டும் வேரும் சேரும் கிரீடப் பகுதியில் ரோஸ் நிறத்தில் முனை கூராக நிற்கும் மொக்கு. இஞ்சி முளையைவிடக் கொஞ்சம் தடிமன். வேர் விரல் பருமன், நீளம் அரை அடிக்குள் வெட்டியிருப்பார்கள். அழுத்தினால் மரவள்ளி போலக் கெட்டியாக இருக்க வேண்டும். முறித்தால் உள்ளே வெளிர் நிறமும் நாட்டு மருந்துக் கடையின் காட்டமான வாடையும் வர வேண்டும். புளித்த வாடை வந்தாலோ, தோல் வழுக்கினாலோ அழுகல். ஒரே ஒரு கண்ணுள்ள துண்டு மலிவாகக் கிடைக்கும்; அது பூக்க மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டும், குளிர்நாட்டிலேயே. வெளிநாட்டுக் கிழங்கு என்று சொல்லி விற்றால் இறக்குமதி அனுமதியும், அனுப்பிய நாட்டின் தாவர நலச் சான்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அவை கட்டாயம். கேட்டதும் சில கடைகள் பதில் போடுவதையே நிறுத்திவிடும். அதுவும் ஒரு பதில்தான்.

டெல்டாவில் ஏன் ஆகாது? பியோனியின் கண், இலையுதிர் காலத்தில் உறங்கப் போகும். அதை எழுப்ப அலாரம் குளிர்தான். ரகத்தைப் பொறுத்து 0லிருந்து 5 டிகிரி சுற்றுவட்டாரத்தில் 500 முதல் 1000 மணி நேரம், அதாவது மூன்றிலிருந்து ஆறு வாரம் தேவை என்பது பொதுக் கணக்கு. நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். திருப்பாவை பாடப் போகிறவர்கள் சால்வை போர்த்தினாலும் பியோனிக்கு அது கோடை. குளிர் கிடைக்காத கண் முளைக்காது, அல்லது இரண்டு இலை விட்டு நின்றுவிடும்.

'வெப்பப் பகுதிக்கு ஏற்றது' என்று கடைக்காரர் போடுவது முழுப் பொய் இல்லை, இடம் மாறிய உண்மை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், ஜார்ஜியா போன்ற இடங்களில், அடுக்கு ரகம் வெயிலில் கருகுவதால் ஒற்றையும் ஜப்பானியமும் நடச் சொல்வார்கள். அங்கே கோடைதான் நம்மைப் போல. குளிர்காலத்தில் பனி உறைகிறது. அந்த அறிவுரையைப் பட்டுக்கோட்டைக்குக் கொண்டுவந்தால் அந்த ஊர்க் குளிர்காலம் கூடவே வந்துவிடாது.

குளிர் ஒன்றுதான் தடை என்றால் ஃபிரிட்ஜ் இருக்கிறதே? அதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு முறை இதோ. அக்டோபர் தொடக்கத்தில் கிழங்கு கையில் இருக்க வேண்டும். தென்னை நார்க்கழிவை நனைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில், துளையிட்ட பிளாஸ்டிக் பைக்குள் கிழங்கோடு வையுங்கள். இடம் முக்கியம். காய்கறித் தட்டு வேண்டாம், அங்கே பெரும்பாலும் 7, 8 டிகிரி இருக்கும். மேல் தட்டின் பின்பக்கம், 2 முதல் 4 டிகிரி. ஒரு சின்னத் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். ஃபிரீசரில் வைத்தால் கூழாகும். ஆப்பிள், மாம்பழம், தக்காளி அதே ஃபிரிட்ஜில் இருந்தால் அவை விடும் எத்திலீன் வாயு மொக்கைக் கெடுக்கும்; மல்லிகைச் சரமும் இட்லி மாவும் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பூஞ்சணம் இருக்கிறதா பார்த்து, இருந்தால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். எட்டு அல்லது ஒன்பது வாரம்.

டிசம்பர் முதல் வாரம் வெளியே எடுத்து, அடியில் நல்ல துளையுள்ள, ஒன்றேகால் அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் நடலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு. வயல் வண்டலை அள்ளிப் போடாதீர்கள். களி நீரைப் பிடித்துக்கொள்ளும், கிழங்கு அழுகும். பச்சைச் சாணியும் கூடாது. கண் மண்ணுக்கு மேலே இருந்து அளந்தால் 2.5 செ.மீ. ஆழத்துக்குள் இருக்க வேண்டும். குளிர்நாட்டில் 5 செ.மீ. என்று எழுதியிருப்பார்கள், அது இங்கே பொருந்தாது. ஆழம் கூடினால் இலை வரும், பூ வராது. கார்த்திகை மழை நேரே விழாத, ஆனால் காலை வெயில் வரும் தாழ்வார ஓரம் நல்லது.

எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டு வாரத்தில் சிவந்த முளை வரும், தை மாதத்தில் மொக்கு கட்டும். அதோடு சிக்கல் ஆரம்பிக்கும். பகல் 30 டிகிரியைத் தாண்டத் தொடங்கும்போது மொக்கு பட்டாணி அளவிலேயே பழுப்பாகி நின்றுவிடும். மிஞ்சிப் போனால் மெலிந்த தண்டில் ஒரு பூ, பட்டியலில் பார்த்ததில் பாதி அளவு. சரி, ஒரு பூவாவது பார்த்தோமே என்றால், அடுத்த வருடம் அதுவும் இல்லை. அடுத்த ஆண்டு மொக்குக்கான ஏற்பாட்டைச் செடி இந்த ஆண்டுக் கோடையிலும் அதற்குப் பிறகும் இலையை வைத்துத்தான் செய்கிறது. நம் ஏப்ரலில் இலை ஓரம் பொசுங்கி, மே மாதம் தண்டோடு காய்ந்துவிடும். இரவிலும் மண் சூடாகவே இருப்பதால் கிழங்கு தன் சேமிப்பையே சுவாசத்தில் செலவழிக்கும். எஞ்சியதை வடகிழக்குப் பருவமழை ஊறவைத்து முடித்துவிடும். நிலக்கடலையை விதைத்து வெறும் கொடியை அறுப்பது மாதிரி. 5க்கு அந்த 1 மதிப்பெண், முளை வரும்போது அந்தச் செங்கருஞ்சிவப்பு அழகாக இருப்பதற்காக.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் என்றால் சந்தேகமே வேண்டாம். பியோனியின் சொந்தக்காரி ஒருத்தி, வெள்ளை ஒற்றைப் பூ பூக்கும் பியோனியா எமோடி, இமயமலையில் தானாகவே வளர்கிறாள்.

விதைப் பொட்டலத்துக்கு அதிக இடம் தர விருப்பமில்லை. நிஜப் பியோனி விதை பட்டாணியை ஒட்டிய அளவு, கறுப்பாக மினுங்கும். முதலில் சூடு, பிறகு குளிர் என்று இரண்டு உறக்கம் தாண்டி முளைத்து, பூக்க நாலைந்து வருடம் எடுக்கும். விதையில் ரகம் அப்படியே வராது, ஆகவே 'பவுல் ஆஃப் பியூட்டி விதை' என்று ஒன்று இருக்கவே முடியாது. நீலப் பியோனி கம்ப்யூட்டரில் மட்டும் பூக்கும். பொட்டலத்தைப் பிரித்தால் கசகசா மாதிரி பொடி விதை இருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள்: பியோனி போல அடுக்காகப் பூக்கும் பாப்பி என்று வெளிநாட்டில் விற்பது அபினிச் செடியின் ஒரு ரகம். உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி குற்றம். மாடித் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

வெட்டுப்பூதான் டெல்டாக்காரர்கள் காசு கொடுக்கத் தகுந்தது. சீசனை முகூர்த்தத்தோடு பொருத்திப் பாருங்கள். ஹாலந்துப் பூ ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. வைகாசிக் கல்யாணத்துக்கு சரியாக அமையும். நியூசிலாந்து, சிலி பூ நவம்பர், டிசம்பர். ஐப்பசி, கார்த்திகைக்கு ஆகும். தை, மாசிதான் நமக்கு அதிக முகூர்த்தம், அப்போதுதான் பூவுக்குப் பஞ்சம். அந்த மாதங்களில் கிடைப்பதாகச் சொன்னால் எப்போது வெட்டியது என்று கேளுங்கள். மொக்கை உலர்ந்த நிலையில் 0 டிகிரியை ஒட்டிச் சில வாரம் வைத்திருக்க முடியும்; ஆனால் எவ்வளவு நாள் உள்ளே இருந்ததோ அவ்வளவு வேகமாக வெளியே வந்ததும் வாடும்.

பெங்களூர் அல்லது சென்னையில் சொல்லி வைக்கும்போது ரகத்தின் பேரைச் சொல்லுங்கள். வெறுமனே 'பியோனி' என்றால் வருவது பெரும்பாலும் சாரா பெர்ன்ஹார்ட், 1906ஆம் வருடத்து ரோஸ் நிற அடுக்கு. நல்ல பூதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. ஜப்பானிய வகையில் வணிகத்தில் ஓரளவு ஓடுவது பவுல் ஆஃப் பியூட்டி, அடுத்து கே பாரி.

மொக்கு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? அடுக்கு ரகம் சுடச்சுட இட்லியை அழுத்தினது போல மெத்தென்று இருக்கலாம். ஜப்பானிய வகை முந்தின நாள் இட்லி போலக் கொஞ்சம் விறைப்பாக, நிறம் மட்டும் தெரிகிற நிலையில் வந்தால்தான் நல்லது. இதற்கு விரிய அதிக நேரம் வேண்டாம்; நம் சூட்டில் ஒரே பகலில் மலர்ந்துவிடும். கோலிக்குண்டு போல இறுகியிருந்தால் விரியவே விரியாது, திருப்பி அனுப்புங்கள். இரவு பஸ்ஸில் வருவதாக இருந்தால் தெர்மாகோல் பெட்டி, ஐஸ் ஜெல் பை, இடையில் நாலு மடிப்பு செய்தித்தாள். ஐஸ் நேரே பட்ட இதழ் கண்ணாடி போல ஆகி மறுநாள் கறுக்கும்.

பெட்டியைத் திறந்ததும் மொக்கின் மேல் பிசுபிசுப்பு இருக்கும். புல்லி இதழ்கள் சுரக்கும் தேன் அது. செடியில் இருக்கும்போது எறும்பு மொய்ப்பதும் இதற்காகத்தான்; எறும்பு இல்லாவிட்டால் பூ விரியாது என்பது கட்டுக்கதை. ஆனால் தேன் காய்ந்து இதழ்களை ஒட்டிவைத்திருந்தால் விரிவது தடைப்படும். குழாய்த் தண்ணீரில் மொக்கை மெதுவாக அலசி, உதறிவிடுங்கள். தண்டின் அடியை 2 செ.மீ. சாய்த்து நறுக்கி, தண்ணீருக்குள் போகும் இலையை எல்லாம் உருவி, சுத்தமான வாளியில், ஏசி அறையில் நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்க விடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் கடலோர ஊர்களில் கேன் தண்ணீரே நல்லது.

ஏசி மண்டபத்தில் மூன்று, நான்கு நாள் தாங்கும். பந்தலில் சாயங்காலம் வைத்தால் மறுநாள் முகூர்த்தத்துக்கு இருக்காது. ரிசப்ஷன் ஏழு மணிக்கு என்றால் மேடையில் நாலு மணிக்குமேல் வைக்கச் சொல்லுங்கள், ஹாலோஜன் விளக்குக்கு நேரே வேண்டாம். மாலை கட்டித் தரும்படி பூக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். தண்டு விறகு போல, நார் பிடிக்காது. காவல் இதழ் ஒரே வரிசை என்பதால் ஒன்று உதிர்ந்தாலும் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். குவளையில், கண் மட்டத்துக்குக் கீழே, நடுக்குஞ்சம் மேலிருந்து தெரியும்படி வைப்பதுதான் இந்தப் பூவுக்கு மரியாதை. மேடை உச்சியில் கட்டினால் அடிப்பக்கப் பச்சைதான் விருந்தாளிக்குத் தெரியும்; அதற்குப் பிளாஸ்டிக் போதும்.

இந்த அமைப்புதான் பிடித்திருக்கிறது, தினமும் கொல்லையில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. நடுக்குழல் நுனியில் குட்டி இதழ்கள் கொத்தாக வெடித்து, பூவின் மேல் இன்னொரு பூ உட்கார்ந்தது போல இருக்கும் செம்பருத்தியைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் நடப்பது அதேதான்: மகரந்தத் தாள் இதழாகிறது. பக்கத்து வீட்டில் கேட்டால் கிளை கிடைக்கும். பென்சில் பருமனில், முக்கால் அடி நீளத்தில், இரண்டு இலை மட்டும் விட்டு நறுக்கி, ஆடி மழையிலோ ஐப்பசி தொடக்கத்திலோ நிழலில் ஊன்றினால் ஐந்தாறு வாரத்தில் வேர் பிடிக்கும். இதற்கு எமன் மாவுப்பூச்சி. வெள்ளைப் பஞ்சு தெரிந்த அன்றே குழாயைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி சாயங்காலத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று தடவை. பூவெடுக்கும் நுனிகளில் பஞ்சு இறுகிவிட்டால் மருந்துக்குக் காத்திராமல் அந்த நுனியை வெட்டி எரித்துவிடுங்கள்.